விருந்தாளி கண்டக்டர்

காரைக்காலில் இரண்டு வார்த்தைகளுக்கு ஏற்கெனவே பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது.

ஒன்று, ஆர்க்கெஸ்ட்ரா. கல்யாண ரிசப்ஷனில் மொய் எழுதுகிறவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ‘நூத்தியொண்ணா, ஐநூத்தியொண்ணா?’ என்று சைகையில் கேட்பாரே... அதற்குக் காரணமான கோஷ்டி. இன்னொன்று, கண்டக்டர். பாண்டிச்சேரி பஸ்ஸில் தோளில் தோல்பை, வாயில் விசில், ‘உள்ளே போ ஸார், உள்ளே காலியாத்தானே கிடக்கு!’

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மும்பை சமாச்சாரம் ஒன்றைப் படித்தால் சிக்கல்தான். நாரிமன் பாயின்ட்டில் என்.சி.பி.ஏ. என்ற கலை வளாகம் இருக்கிறது. அங்கே ‘சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா’ என்று ஒரு பெரிய இசைக்குழு. வருஷத்துக்கு இரண்டு சீஸன். வசந்த காலத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று. (மும்பையில் ஏது இலையுதிர் காலம் என்று கேட்காதீர்கள். பிப்ரவரி வாக்கில், செப்டம்பர் வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஒவ்வொரு சீஸனுக்கு முன்னாலும் ஒரு பட்டியல் வரும். நம் மார்கழி சபா நோட்டீஸ் மாதிரி. கான்டீன் மெனு மட்டும் இருக்காது. என்றைக்கு எந்த சிம்பொனி, யார் சோலோ, யார் ‘கெஸ்ட் கண்டக்டர்’.

பாங்கில் வேலை பார்க்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். உடனே கேட்டார்: “ஏன், அவங்க பர்மனென்ட் கண்டக்டர் லீவா?”

சிரிக்காதீர்கள். சரியான கேள்வி. பதில் தேடிப் புறப்பட்டால் பாரிஸ், ரியோ, நியூயார்க் எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுவர் முன்னால் இறங்க வேண்டியிருக்கிறது. சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். ரைட்!

★

முதலில் ஆர்க்கெஸ்ட்ரா. எண்பது, தொண்ணூறு பேர். பாதிக்கு மேல் வயலின் குடும்பம். வயலின், அதன் அக்கா வயோலா, பெரியப்பா செல்லோ, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் தாத்தா டபுள் பாஸ். அப்புறம் ஊதுகிற கோஷ்டி, தட்டுகிற கோஷ்டி. கச்சேரிக்கு முன்னால் ஓபோ என்ற குழலை ஒருவர் ஒற்றை ஸ்வரத்தில் ஊதுவார். அத்தனை பேரும் அதற்குச் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். நாகஸ்வரக் கோஷ்டியில் ‘ஒத்து’ செய்கிற வேலை.

இந்த ஓபோ நமக்குத் தூரத்துச் சொந்தம். நாகஸ்வரம் போலவே இதற்கும் இரட்டைச் சீவாளி. நம் சீவாளி காவிரிக் கரை நாணலில் செய்வது. திருவாவடுதுறையில் இதே தொழிலாக இருக்கிறவர்கள் உண்டு. ஓபோ சீவாளிக்குப் பெயர் போனது தெற்கு பிரான்ஸில் வார் என்ற பகுதியின் நாணல். 1739-ல் காரைக்காலுக்கு வந்து, நடுநடுவே இங்கிலீஷ்காரனிடம் பறிகொடுத்து, 1954 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் நம்மிடம் வரி கேட்டார்கள், உப்பு கேட்டார்கள். நாணல் பற்றி யாரும் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆற்றோரப் புல்லைச் சீவி உதட்டில் வைத்து ஊதலாம் என்று இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

அதெல்லாம் கூட அப்புறம். காரைக்கால் அம்மையார் என்றால் நமக்கு மாம்பழம் ஞாபகம் வரும். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பழம் பிடிக்கப் போய்ச் சட்டை கிழிந்த ஞாபகம் வரும். ஆனால் அந்த அம்மாள் பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் ஒரு பாட்டைப் பார்க்க வேண்டும். ஏழு ஸ்வரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, கையோடு வாத்தியங்களையும் அடுக்குகிறார். வீணை, மத்தளம், குடமுழா, கொக்கரை, தமருகம், மொந்தை... பட்டியல் நீள்கிறது. இத்தனைக்கும் நடுவில் சிவபெருமான் ஆடுகிறார். சுமார் 1,500 வருஷத்துக்கு முந்தைய காரைக்கால்காரர் போட்ட ஆர்க்கெஸ்ட்ரா ஸீட்டிங் பிளான் என்றே சொல்லலாம். ஆகவே ‘சிம்பொனியா? அது வெள்ளைக்காரன் சமாச்சாரம்’ என்று இந்த ஊரில் யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

★

அடுத்தது கண்டக்டர். நம் கச்சேரியில் இந்த போஸ்டிங்கே கிடையாது. பாடுகிறவரே தொடையில் தாளம் போட்டு, கண்ஜாடையிலேயே மிருதங்கத்துக்குத் ‘தனி’ கொடுத்துவிடுவார். நாலு பேருக்கு அது போதும். தொண்ணூறு பேருக்குப் போதாது. மேடையின் இந்தக் கோடியில் இருப்பவருக்கு அந்தக் கோடி டிரம் ஒரு துளி தாமதமாகத்தான் கேட்கும். காதை மட்டும் நம்பினால் வண்டி கவிழ்ந்துவிடும். கண்ணையும் நம்ப வேண்டும். அதற்குத்தான் நடுவில் ஓர் ஆள், கையில் ஒரு குச்சி.

முற்காலத்தில் அது குச்சி அல்ல, தடி. பிரான்ஸின் 14-ம் லூயி மன்னரிடம் லுலி என்று ஓர் இசை மேதை இருந்தார். 1687-ல், மன்னருக்கு உடம்பு தேறியதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் கச்சேரி. பெரிய தடியால் தரையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்த லுலி, ஆவேசத்தில் தன் காலிலேயே ஒரு போடு போட்டுக்கொண்டார். புண் அழுகி, இரண்டு மாதத்தில் ஆளே போய்விட்டார். எஜமானர் பிழைத்தார், நன்றி சொன்னவர் செத்தார். ஆபீஸ்களில் இது சகஜம்.

இன்றைய கண்டக்டரின் வலது கை தாளத்தைப் பார்த்துக்கொள்ளும். இடது கை, ‘நீ கொஞ்சம் அடங்கு, நீ எழுந்து வா’ என்று பேசும். இதில் முக்கியமான விஷயம், வயலின்காரர் முன்னால் வயலின் பக்கங்கள் மட்டும்தான் இருக்கும். குழல்காரர் முன்னால் குழல் பக்கங்கள். அவரவர் டிபார்ட்மென்ட் ஃபைல். மொத்த லெட்ஜரும் கண்டக்டர் ஒருவரிடம்தான். ஆனால் அவரிடம் ஒரு வாத்தியமும் கிடையாது. அந்த மேடையில் சத்தமே போடாமல் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவர். (உங்கள் ஜி.எம்.மை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் சத்தம் போடுவார்.)

★

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். எதற்கு கெஸ்ட்?

பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் தலைமைக் கண்டக்டர் சீஸன் முழுக்க இருப்பதில்லை. சில வாரங்கள்தான். மற்ற வாரங்களுக்கு வெளியூர் ஆள். வருவார், மூன்று நாலு நாள் ரிகர்சல், கச்சேரி, கைதட்டல், பூங்கொத்து, ஏர்போர்ட். டெபுடேஷனில் வரும் ஆபீஸர் மாதிரி. இருபது வருஷமாக ஒரே ஸீட்டில் உட்கார்ந்திருக்கும் தொண்ணூறு பேர் முன்னால் நின்று, ‘பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை இப்படி வாசிக்கலாமே’ என்று சொல்ல வேண்டும். அவர்கள் அதைத் தூக்கத்தில்கூட வாசிப்பார்கள். அதுதான் பிரச்னையே! தூக்கத்தில் வாசிக்காமல் இருக்கத்தான் விருந்தாளி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இது ஒருவகையில் மாப்பிள்ளை பார்க்கிற சடங்கு. பிடித்துப் போனால் வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். மும்பை ஆர்க்கெஸ்ட்ரா 2019-ல் இங்கிலாந்துக்குக் கச்சேரி செய்யப் போனபோது நடத்தியவர்களில் ஒருவர் மார்ட்டின் பிராபின்ஸ். பின்னாளில் அவரையே தலைமைக் கண்டக்டராக ஆக்கிக்கொண்டார்கள்.

‘பர்மனென்ட் லீவா?’ என்பதற்கும் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. 1886, ரியோ டி ஜெனிரோ. இத்தாலிய நாடகக் கம்பெனி ஒன்றில் கண்டக்டருக்கும் கலைஞர்களுக்கும் தகராறு, மனிதர் கழன்றுகொண்டார். மாற்று ஆள் வந்தார். ஜனங்கள் கூச்சல் போட்டு விரட்டினார்கள். கடைசியில் செல்லோ வாசித்துக்கொண்டிருந்த 19 வயதுப் பையனை மேடை ஏற்றினார்கள். அவன் புத்தகத்தைப் பார்க்காமலேயே ‘ஐடா’ ஆபரா முழுவதையும் நடத்திக் காட்டினான். பெயர் ஆர்ட்டுரோ டாஸ்கனினி. கண்டக்டர் என்ற உத்தியோகத்தையே பிற்காலத்தில் உலகப் புகழாக்கியவர். செல்லோக்காரன் செல்லோ பக்கத்தை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பான். அவன் மொத்த லெட்ஜரையும் படித்திருந்தான்.

1943 நவம்பர் 14, நியூயார்க். கெஸ்ட் கண்டக்டர் புரூனோ வால்டருக்கு ஃப்ளூ ஜுரம். 25 வயது அசிஸ்டென்ட் லியோனார்ட் பெர்ன்ஸ்டீன், ரிகர்சலே இல்லாமல் அன்று மதியம் மேடை ஏறினார். கச்சேரி ரேடியோவில் நாடு முழுக்கப் போனது. மறுநாள் பேப்பரில் முதல் பக்கம்.

ஆகவே, இளைஞர்களே... மேலதிகாரி தும்மினால் கைக்குட்டை கொடுங்கள். ஃபைலையும் படித்து வையுங்கள்.

★

நம்ம ஊர் ஆள் ஒருவர் கதையும் இதே ரகம். 1954-ம் வருஷம் நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சு ஆட்சி கைமாறி, காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. அதே வருஷம் பம்பாயில் 18 வயதுப் பையன் ஒருவன் டாக்டர் படிப்புக்கான பாதையை விட்டுவிட்டு, இசை படிக்க வியன்னாவுக்குப் போனான். ஜுபின் மேத்தா. அப்பா மெலி மேத்தா 1935-ல் பம்பாய் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை ஆரம்பித்தவர். அது நிலைக்கவில்லை.

பையன் நிலைத்தான். 1961-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய கண்டக்டருக்கு உடம்பு முடியாமல் போக, மேத்தா மாற்று ஆளாகப் போனார். நிர்வாகத்துக்குப் பிடித்துப்போய் அவரை அசிஸ்டென்ட்டாகப் போட்டது. புதிய தலைமைப் பதவிக்கு ஒப்பந்தமாகியிருந்த ஜார்ஜ் ஷோல்டி, ‘என்னைக் கேட்காமல் எனக்கு அசிஸ்டென்ட்டா?’ என்று ராஜினாமா செய்தார். அந்த நாற்காலியும் மேத்தாவுக்கே வந்தது, 26 வயதில்! ஆபீஸ் பாலிடிக்ஸ் சங்கீதத்தில் இல்லை என்று யார் சொன்னது?

இதே மேத்தா 2005 டிசம்பர் 26 அன்று சென்னை மியூசிக் அகாடமி மேடையில் நின்றார். கூடவே ஜெர்மனியின் பவேரிய அரசு ஆர்க்கெஸ்ட்ரா. அந்தத் தேதி என்ன தேதி என்று காரைக்கால்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்தது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி... நம் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. முதல் வருஷ நினைவு நாளில், அவர்களுக்கும் இந்தக் கரை நெடுக இறந்த மற்றவர்களுக்கும் சேர்த்து அந்த அஞ்சலிக் கச்சேரி. நம் ஊரில் சாவுக்கு வருகிறவரை விருந்தாளி என்று சொல்வதில்லை. அன்றைக்கு அவர்கள் வந்தது அப்படித்தான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த அஞ்சலியை வாசிக்க ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவை ஜெர்மனியிலிருந்து ப்ளேனில் கொண்டுவர வேண்டியிருந்தது.

★

விஷயமே இங்கேதான் இருக்கிறது. விருந்தாளி வர வேண்டுமானால் முதலில் வீடு வேண்டும்.

2006-ல் என்.சி.பி.ஏ.வின் குஷ்ரூ சன்டூக், கஜகஸ்தான் வயலின் வித்வான் மராத் பிஸென்காலியேவுடன் சேர்ந்து மும்பை ஆர்க்கெஸ்ட்ராவை ஆரம்பித்தபோது, நூறு கோடிப் பேர் உள்ள நாட்டில் தேவையான வாத்தியக்காரர்கள் கிடைக்கவில்லை. கஜகஸ்தானிலிருந்து நிறையப் பேரைக் கூட்டி வந்தார்கள். பிறகு பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுக்கத் தனியாக ஒரு பள்ளியே வைத்தார்கள். வீடு கட்ட வேண்டுமானால் செங்கல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். 2023 ஆகஸ்ட்டில் அந்த ஆர்க்கெஸ்ட்ராவை மேத்தா நடத்தினார், 87 வயதில். சொந்த ஊரில் விருந்தாளி!

சரி, நம் பக்கம்? இளையராஜா 2005-ல் திருவாசகத்தை ஆர்க்கெஸ்ட்ராவோடு கொடுத்தபோது வாசித்தது புடாபெஸ்ட் குழு. 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது வாசித்தது லண்டன் குழு. நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். எழுதியவர் பண்ணைப்புரத்துக்காரர். நமக்கெல்லாம் காலர் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய நாள்தான். ஆனால் சமையல் நம்முடையது, அடுப்பு இரவல்.

இத்தனைக்கும் அடுப்பு நம்மிடம் இருந்தது. கோடம்பாக்கத்தில் காலை ஏழு மணி கால்ஷீட்டுக்கு வயலின் பெட்டியோடு வரிசையாக ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்கள். நோட்ஸைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கக்கூடியவர்கள். தொண்ணூறுகளில் கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்தன. முப்பது வயலினை ஒரே விரல் வாசித்தது. வரிசை கரைந்தது. சென்னையில் 1893-லிருந்து மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் பாட்டுக்குழு இருக்கிறது, 2008-லிருந்து ஏ.ஆர்.ரஹ்மானின் கே.எம். இசைப் பள்ளி இருக்கிறது. ஆனால் மாதச் சம்பளம் போட்டு, வருஷம் முழுக்க வைத்துக் காப்பாற்றுகிற முழு அளவு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா இல்லை.

★

ஏன் இல்லை? பி.காம். படித்தவனிடம் கேட்டால் லாப நஷ்டக் கணக்கைத்தான் காட்டுவான்.

1966-ல் பாமோல், போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் கலைத் தொழிலின் வரவு செலவை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். சாராம்சம் இதுதான்: பாக்டரியில் மெஷின் வந்தால் பத்துப் பேர் வேலையை இரண்டு பேர் செய்யலாம். பீத்தோவன் காலத்தில் நாலு பேர் அரை மணி வாசித்த பாட்டை இன்றைக்கும் நாலு பேர் அரை மணிதான் வாசிக்க வேண்டும். மூன்று பேரை வைத்து இருபது நிமிஷத்தில் முடித்து ‘உற்பத்தித் திறன்’ காட்ட முடியாது. ஆனால் வெளியே எல்லோர் சம்பளமும் ஏறுகிறது, இவர்களுக்கும் ஏற வேண்டும். ஆகவே டிக்கெட் விற்று மட்டும் எந்த ஆர்க்கெஸ்ட்ராவும் பிழைக்காது. யாராவது படி அளக்க வேண்டும்.

இதை நம் டெல்டாவில் ஒருவர் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்டு கல்லில் வெட்டி வைத்தார். தஞ்சைப் பெரிய கோயில் சுவருக்கு வந்துவிட்டோம். திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்குத் தினம் 3 குறுணி நெல். இதைத் தவிர ஆடல் மகளிர் 400 பேருக்கு ஆளுக்கொரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். பேர் பேராக எழுதியிருக்கிறார் ராஜராஜன். ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்பதற்கும் ரூல் உண்டு: அடுத்த உறவினர் வரலாம், அவருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியுள்ள ஆளைப் போட வேண்டும். ஸர்வீஸ் ரூல்ஸ்! நான் சொல்லிக்கொண்டிருக்கும் ‘வீடு’ அங்கே உவமையே இல்லை. நிஜ வீடு.

இசைக்கு முதல் தேவை ஞானம் இல்லை ஸார், ஒண்ணாம் தேதி. ஒண்ணாம் தேதி வந்தால் ஞானம் தானாக வீட்டைத் தேடி வரும். நம் யூனியன் பிரதேசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கத்திய வாத்தியத்தை மாதச் சம்பளத்துக்கு வாசிப்பவர்கள் என்றால் சட்டென்று ஞாபகம் வருவது போலீஸ் பேண்டுதான். மழையோ வெயிலோ, அவர்கள் சுருதி குலைவதில்லை. அதே காரைக்காலில் தவிலும் நாகஸ்வரமும் வாசிக்கிறவர் முகூர்த்த மாதத்தை நம்பியிருக்கிறார். ஆடி வந்தால் கை காய்கிறது. அவர் பிள்ளையைக் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்க்கிறார். தப்புச் சொல்ல முடியுமா? நீங்களும் நானும் அதைத்தானே செய்தோம்.

மும்பைப் பட்டியலைப் பார்க்கும்போது என் கண் இப்போதெல்லாம் கெஸ்ட் கண்டக்டர் பெயரில் நிற்பதில்லை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் வரும் வாத்தியக்காரர் வரிசைக்குப் போகிறது. அதில் நம் ஊர்ப் பெயர்கள் எத்தனை என்று எண்ணுகிறேன். எண்ணிக்கை கூடினால் வீடு கட்டுகிறார்கள் என்று அர்த்தம். விருந்தாளிகள் தாமாக வருவார்கள்.

கொசுறு: சிம்பொனிக்கு முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு டிப்ஸ். ஒரு சிம்பொனிக்கு வழக்கமாக நாலு பாகம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிசப்தம் வரும். முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினால் முன் வரிசை மொத்தமும் திரும்பி முறைக்கும். எப்போது தட்டுவது? கண்டக்டர் குச்சியைக் கீழே இறக்கி, நம் பக்கம் திரும்பும்போது. நம்ம ஊர் பஸ்ஸிலும் அதே ரூல்தான். கண்டக்டர் சொல்லாமல் இறங்கக் கூடாது.